மணலைக் கூட்ட ஓர் உயிரா?

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஹெரான் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதைச் சூழ்ந்த திட்டில் கடலட்டைகள் எத்தனை, ஓர் ஆண்டில் அவை எவ்வளவு மணலை விழுங்கி வெளியேற்றுகின்றன என்று ஆய்வாளர்கள் ட்ரோன் பறக்கவிட்டுக் கணக்கெடுத்தார்கள். 2021இல் வெளியான விடை மலைக்க வைத்தது: 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடலட்டைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000 டன் மணல். மணலோடு வாய்க்குள் போகும் மட்கையும் நுண்பாசியையும் பாக்டீரியாவையும் செரித்துக்கொண்டு, மணலை மட்டும் தரையில் விட்டுச் செல்கின்றன அவை.

பசிபிக் கடலின் மூரியா தீவில் நடந்த இன்னோர் ஆய்வு 2024இல் வெளியானது. பவளம் இருந்த சில இடங்களில் கடலட்டைகளை அப்படியே விட்டார்கள். வேறு சில இடங்களில் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடங்களில் பவளத் திசு மடிவது 370 விழுக்காடு கூடியது. தரையில் தேங்கும் மட்கு பவளத்துக்கு நோயாக முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடலில் இந்த வேலைக்கு லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது. வரவேற்பறையில் வைத்திருக்கும் நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் யார் இருக்கிறார்கள்? சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் ‘ரீஃப் டேங்க்’ என்னும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்தே தீருவார்கள். வாங்கிய அன்று பால்போல இருந்த மணல் இரண்டு மாதத்தில் பழுப்பாகிறது. பிறகு சிவப்புச் சவ்வு படர்கிறது. கடைக்குப் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “ஸ்டார் ஃபிஷ் ஒண்ணு விடுங்க சார், மணலை அதுவே பாத்துக்கும்.”

இந்தப் பதிலைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

கடைகளில் ‘சாண்ட் சிஃப்டிங் ஸ்டார்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் அஸ்ட்ரோபெக்டன் பேரினத்து நட்சத்திர மீன். மணலுக்குள் புதைந்து ஊர்ந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பு கிளறப்பட்டு வெள்ளையாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது அழுக்கைத் தின்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது தேடுவது மணலுக்குள் வாழும் சிறு புழுக்களையும் நத்தைகளையும் சின்னஞ்சிறு ஓட்டுயிர்களையும்தான். மட்கை உடைத்துச் சிதைக்கும் உண்மையான துப்புரவாளர்கள் அவைதான்! அவற்றை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்த பிறகு, வீட்டுத் தொட்டியின் சின்னத் தரையில் அதற்கு வேறு இரை கிடையாது. பட்டினி தொடங்குகிறது. கைகளின் நுனி சுருங்கி, கரைந்து, பல மாதங்களுக்குப் பின் உயிர் போகிறது. மணலுக்குள் புதைந்திருப்பதால் உரிமையாளருக்குச் செத்ததுகூடத் தெரிவதில்லை. அழுகும் உடல் அம்மோனியாவாகித் தண்ணீரில் கலந்த பிறகுதான் ஏதோ கோளாறு என்று புரிகிறது. ஆக, மணலைத் துப்புரவாக்க வாங்கிய உயிர் மணலின் உயிர்களைத் தின்றுவிட்டு, கடைசியில் தானும் அந்த மணலுக்கே அழுக்காகிறது.

டைமண்ட் கோபி என்ற மீனின் கதையும் ஏறக்குறைய இதுதான். வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே சலித்து வெளியே விடும் அழகான மீன். சலிப்பது பசிக்காக. சிறு தொட்டியில் ஓயாமல் சலித்துக்கொண்டே மெலிந்துபோகும் கோபிகள் ஏராளம். தனியாகத் தீனி கொடுத்துப் பழக்கினால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ‘மணலை அதுவே பாத்துக்கும்’ என்று சொல்லி விற்கும் கடையில் தீனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடல் அலங்கார உயிர்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்பட்டு வருபவை. ஒரு பாறைத்திட்டிலிருந்து எடுத்து, பையில் அடைத்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த உயிரை, மட்கை உறிஞ்சியெடுக்கும் ஒரு சைஃபன் குழாய் செய்யக்கூடிய வேலைக்காகப் பட்டினி போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரி, மணல் அழுக்காவது ஏன்? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் மணலின் மேலடுக்கிலேயே இந்த வேலை நடக்கிறது. கீழே போகப்போக ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விடுவிக்கின்றன. அது தண்ணீரைவிட்டு வெளியேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இன்னும் ஆழத்தில் நைட்ரேட்டும் இல்லாத இடத்தில் சல்ஃபேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. கண்ணாடியோரம் மணலில் தெரியும் கருந்திட்டுகள், அந்தச் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்ததன் அடையாளம்.

எனவே தொட்டியின் தரை என்பது மூன்று மாடி வீடு; மேல்மாடியைப் பெருக்கலாம், கீழ்மாடியைக் கண்மண் தெரியாமல் உடைக்கக் கூடாது. பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த ஆழமான மணலை ஒரே நாளில் கிளறினால், அடியில் அடைபட்டிருந்த சல்ஃபைடும் மட்கும் ஒருசேரத் தண்ணீரில் கலக்கும். ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். வீடு மாறும்போது பழைய மணலை அப்படியே வாரிப் புதுத் தொட்டியில் கொட்டி, மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் மிதப்பதைப் பார்ப்பவர்களுக்கு நேர்வது இதுதான். பழைய மணலை நன்றாக அலசாமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அலச மனமில்லையென்றால் புது மணல் வாங்குவதே மேல்.

மணலை எவ்வளவு ஆழமாகப் போடுவது என்பதில் இந்தப் பொழுதுபோக்குக்குள் நாற்பது ஆண்டு வழக்கே இருக்கிறது. நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஜோபேர், மணலுக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு, அதன்மேல் சல்லடைத் தட்டு வைத்து, பருமணலைப் பரப்பும் முறையை 1980களில் உருவாக்கினார். ‘பிளீனம்’ என்பது அந்த வெற்றிடத்தின் பெயர். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம் அந்த முறையில் பவளங்களை வளர்த்துக் காட்டியது. ஜெர்மானியர்கள் அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தார்கள்: மணலைக் குறைத்துக்கொண்டு, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையையும் நுரைபொங்கக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நம்பும் பெர்லின் முறை. பிறகு அமெரிக்காவில் பிளீனமே வேண்டாம், நைஸ் மணலைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டுத் தொடாமல் விடுங்கள் என்றார்கள். உயிரியலாளர் ரான் ஷிமெக் அந்தக் கருத்தின் முதன்மைக் குரல். அதுவும் சில ஆண்டுகளில் அலுத்து, மணலே இல்லாத வெறுங்கண்ணாடித் தரையை ஆதரித்து ஒரு கூட்டம் கிளம்பியது.

2005இல் ராபர்ட் டூனனும் கிறிஸ்டோஃபர் வீயும் இந்த வழக்கைச் சோதனைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆழம், மணலின் பருமன், பிளீனம் ஆகியவற்றை மாற்றி மாற்றி ஒப்பிட்டபோது, பிளீனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இத்தனை சண்டைக்கும் பிறகு அந்த முடிவு நிதானத்தைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளுக்கு எது பொருந்தும்? மூன்று, நான்கு சென்டிமீட்டர் மணல் போதும். அதற்கு மேல் போடுவதற்குக் காரணம் இருந்தால் ஒழியப் போட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் மணல் என்றாலே ஏறத்தாழ 30 கிலோ. பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றால் அது 90 கிலோவைத் தாண்டும். எடை ஒருபுறம் இருக்கட்டும். மின்சாரம் நிற்கும்போதுதான் ஆழமான மணலின் மறுபக்கம் தெரியும். வேவ் மேக்கர் நின்றவுடன் நீரோட்டம் நிற்கிறது. மணலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் மீன்களும் அதே தண்ணீரின் ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த பிறகு சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு சிறிய ஏர் பம்பையாவது ஓடவிட வழியில்லாத வீட்டில் ஆழமான மணல் ஆபத்தானது.

வெறுந்தரையும் எல்லாருக்கும் சரிப்படாது. ராஸ் மீன்களில் பல இரவில் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். பிஸ்டல் இறால் வளை தோண்ட, அதன் வாசலில் கோபி மீன் காவல் நிற்கும் கூட்டு வாழ்க்கை மணல் இல்லாமல் நடக்காது. இவற்றை வளர்க்க விரும்புகிறவர் மணலைப் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டால் பராமரிக்கவும் வேண்டும்.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருமுறை பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றுகிறவர், தரையை மனதுக்குள் நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டு, தண்ணீர் எடுக்கும்போதே ஒரு பங்கை மட்டும் சைஃபன் போட்டால் மாதத்துக்குள் முழுத் தரையும் முடிந்துவிடும். மீதி முக்கால் பங்கில் புழுக்களும் பாக்டீரியாவும் பத்திரமாக இருக்கும். சைஃபன் போட்ட இடத்தை அவை திரும்ப நிரப்பும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமனான மணலென்றால் குழாயை அடிவரை இறக்கலாம். மணல் சுழன்று கீழே விழும், மட்கு மட்டும் மேலேறிப் போகும். சர்க்கரைபோல நைஸான மணலென்றால் குழாயைச் சற்று மேலேயே பிடித்து, மணல் ஏறும்போது ட்யூபைக் கிள்ளி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கைவைக்காத தரையாக இருந்தால் நான்கில் ஒரு பங்குகூட அதிகம். முன்பக்க மூலையில் ஒரு சாண் அகலத்தில் தொடங்கி, நாற்றம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பாறையை மணலின்மேல் வைக்கிறார்கள் பலர். இது தவறு. பாறை தொட்டியின் அடித்தளத்தில் உட்கார வேண்டும். மணல் அதைச் சுற்றி வர வேண்டும். இல்லையென்றால் தோண்டும் மீனோ இறாலோ அடியில் வளை பறித்ததும் பாறை சரிந்து பவளத்தை நசுக்கும், கண்ணாடியையும் பதம்பார்க்கும். பாறைக்குப் பின்னால் நீரோட்டம் படாத மூலைகளே மட்கின் கிடங்கு. வேவ் மேக்கரின் திசையை அவ்வப்போது மாற்றி அந்த மூலைகளையும் ஓட்டம் தொடச் செய்தால் சைஃபன் வேலை பாதியாகக் குறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தீனி. உறைந்த தீனிக் கட்டியை அப்படியே தொட்டிக்குள் போடுவது பரவலான பழக்கம். அது உருகும்போது வடியும் நீரிலும் பாஸ்பேட் உண்டு. ஒரு கிண்ணத்தில் உருகவைத்து, வடிகட்டி, மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டால் மணலுக்குப் போய்ச் சேர மிச்சமே இருக்காது. மணலில் படியும் பாஸ்பேட் அதோடு போய்விடுவதுமில்லை. சுண்ணாம்பு மணல் அதை ஒட்டவைத்துக்கொண்டு பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடும். தீனியைக் குறைத்த பிறகும் பாசி அடங்க மாதக்கணக்கில் ஆவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெண்மை மோகம் முற்றி, தினமும் தரையைக் கிளறுவதும் ரசாயனம் ஊற்றுவதும் சிலர் வழக்கம். புதுத் தொட்டியில் முதல் சில வாரம் படியும் பழுப்புத் தூள் டயாட்டம்; தண்ணீரில் சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தொட்டி தூய்மையாகிவிட்டது என்று நினைப்பதும் பிழை. அந்த வறட்சியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பெருகி, குமிழ்கள் தொங்கும் பழுப்பு இழைகளாக மணலை மூடுகிறது. சில வகை நச்சுள்ளவை, மேயும் நத்தைகள் செத்துவிழும். சிவப்புச் சவ்வுக்கு எரித்ரோமைசின் கரைப்பது அதைவிட மோசம். அது மனிதருக்கும் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லி. தொட்டியில் ஊற்றியது கழிவுநீரோடு ஊருக்குள் போகிறது. சவ்வைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டத்தையும் தீனியையும் சரிசெய்ய நேரமில்லாதவர் ரீஃப் டேங்க் வைக்கவே வேண்டாம்.

கடற்கரையிலிருந்து மணலை அள்ளிக்கொள்ளலாமே என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. பவளத்திட்டின் வெண்மணல் சுண்ணாம்பு மணல். பவளமும் சிப்பியும் பாசியும் உடைந்து உண்டானது. மாலத்தீவின் வக்காரு தீவில் 2015இல் வெளியான ஆய்வின்படி, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் பாறையைக் கொறித்து வெளியேற்றுவது. மெரினாவின் மணலோ பெரும்பகுதி குவார்ட்ஸ். கூடவே கார்னெட், இல்மனைட் போன்ற கனிமத் துகள்கள், நகரத்தின் கழிவுகள். பவளத் தொட்டிக்கு அது எதற்கும் உதவாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்பு மணல் கிடைக்கும்; ஆனால் அதன் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தொழிற்சாலைகளுக்காக முருகைக்கல்லை வெட்டி வெட்டி, அந்த 21இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. அங்கிருந்து ஒரு வாளி மணலைக்கூட எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

கடலட்டையும் அப்படியே. ஹெரான் தீவுக் கணக்கைப் படித்துவிட்டு, மண்டபம் கடற்கரையிலிருந்து ஒன்று கொண்டுவந்து விட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றலாம். 2001 முதல் கடலட்டைகளும் பாறை கட்டும் பவளங்களும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை; கடலிலிருந்து எடுப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வீட்டுத் தொட்டி அதற்குப் போதாது. பம்பில் சிக்கிக் கிழிந்தாலோ பட்டினியில் செத்தாலோ சில வகைகள் வெளியிடும் நஞ்சு தொட்டியிலுள்ள மீன்களையும் கொல்லும்.

துணைக்கு ஏதாவது உயிர் வேண்டும் என்பவர்களுக்கு நத்தைகள் இருக்கின்றன. நஸ்ஸாரியஸ் மணலுக்குள் புதைந்து, மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். தீனி வாசம் வந்ததும் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து மிச்சத்தைத் தின்னும். செரித் நத்தை மேற்பரப்பின் பாசியை மேயும். தொட்டியில் இயல்பாகச் சேரும் மிச்சமே இவற்றுக்கு இரை என்பதால் அளவோடு வைத்தால் பட்டினி வராது. பாறையோடு வந்துசேரும் முள்புழுக்களைக் கண்டு அருவருத்துக் கொல்கிறவர்கள், சம்பளமில்லாமல் உழைக்கும் துப்புரவாளரைத் துரத்துகிறோம் என்று உணர வேண்டும்.

கடைகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொட்டியில் ஒட்டும் சீட்டில் விலையோடு அந்த உயிர் என்ன தின்னும், எத்தனை லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் வாழாது, எங்கே பிடிக்கப்பட்டது என்ற மூன்று விவரங்களை எழுதட்டும். அஸ்ட்ரோபெக்டன் கேட்டு வருகிறவரிடம், மணல் எவ்வளவு ஆழம், ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள், கடைசியாக சைஃபன் போட்டது எப்போது என்று கேட்கட்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு குழாயும் வாளியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.